ருமினி வீட்டு வாசலின் வலப்பக்கம்

ரெம்பாங்

அன்பு மகன் டனாங்குக்கு அப்பா எழுதுவது. ஆண்டவன் அருளால் நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், லம்புங்கில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் தொழுகையில் கேட்கிறேன். உன் கடிதம் வந்தது. அம்மா அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். இப்போதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. குடும்பநலப் பயிற்சிக்கு உனக்கு ஒதுக்கிய, ருமினி என்ற பிள்ளைத்தாய்ச்சியின் வீட்டில் படியேறவே விடவில்லை, அவர்கள் கையெழுத்துப் போடாவிட்டால் ஒரு வருஷம் போச்சு, நர்ஸ் படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று போன மாதம் நீ எழுதியதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நானோ, வந்து வலையைப் பிடிக்கட்டும், பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீக்கம் பார்ப்பது ஆம்பளை வேலையா என்றேன். அதற்கு அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

"மீசை முளைச்ச நர்ஸு எங்களுக்கு வேணாம், பொண்ணு ஒருத்தியை அனுப்பச் சொல்லு" என்று உன்னை விரட்டிய அந்த ருமினியின் மாமியார், பேரன் பிறந்த அன்று மகன் கப்பலில் இருக்க, நம் வழக்கப்படி தகப்பன் கழுவிப் புதைக்க வேண்டிய நஞ்சுக்கொடிக்கு வீட்டில் ஓர் ஆண் இல்லாமல் மண்சட்டியோடு நின்று, "ஏய் மீசை, வாய்யா இங்க, இதையாவது செய்வியா?" என்று கூப்பிட்டாளாமே, படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். நீயும் ரோஷம் பார்க்காமல் உப்புப் போட்டுக் கழுவி, பூ வைத்து, ஆண் பிள்ளைக்கு வாசலின் வலப்பக்கம் என்று சரியாகப் புதைத்து விளக்கும் ஏற்றியிருக்கிறாய். உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான் இல்லை. மறுநாள் அவளே நாற்காலி போட்டு, மருமகளுக்கு ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லி, கையெழுத்தும் போட்டாள் என்ற இடத்தில் உன் அம்மா அழுதாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துபோனது. நீ பிறந்த அன்று நானும் கடலில்தான் இருந்தேன் தம்பி. உன் கொடியைக் கழுவிப் புதைத்தவர் எதிர்வீட்டுக் கஸ்மான். கரைக்கு வந்ததும் "ஆச்சா?" என்று கேட்டதோடு சரி, இருபத்தொரு வருஷமாக அவரிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நேற்று நல்ல வஞ்சிரமாக இரண்டு எடுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். "ஏம்ப்பா, பையனுக்குக் கல்யாண வயசு வந்தப்புறமா உனக்கு ஞாபகம் வருது?" என்று திட்டிவிட்டு மீனை வாங்கிக்கொண்டார்.

வேளைக்குச் சாப்பிடு. உனக்கும் அந்தக் குழந்தைக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளைத் தரட்டும். ருமினியின் புருஷன் கப்பலிலிருந்து வந்து, உன்னைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் போனால் மனசில் வைத்துக்கொள்ளாதே. எங்களைப் போன்றவர்களுக்குப் புத்தி வர நாள் பிடிக்கும்.

உன் அப்பா
சுதர்மான்