பூச்சாட்டுக் காலத்தில் ஒரு சாலட் டிரெஸ்ஸிங்

மார்ச் 9, திங்கள்

உறுதியான செய்தி: சாப்பிட்ட பின் சர்க்கரை 246. ஆதாரம்: காளப்பநாயக்கன்பட்டி லேப் சீட்டு. என் பெயர் சரி, வயது சரி. வேறு யாருடைய ரத்தமோ என்று சொல்லித் தப்ப வழியில்லை.

கீழே கொளுத்துகிற வெயில். மேலே, கொல்லிமலைக்கு வந்ததும் சால்வை தேவைப்பட்டது.

டாக்டர் சொன்னது: சோற்றுக்கு முன் ஒரு கிண்ணம் பச்சைக் காய்கறி. பிறகு பருப்பு. சோறு கடைசியில், கொஞ்சமாக. இரண்டு வாரம் இப்படி. மறுபடி ரத்தம். குறையாவிட்டால் ஊசி.

சேலத்திலிருந்து மகன் இளங்கோ போனில்: "ஊசின்னா அங்க யாரும்மா போட்டுவிடுவா? இங்க வந்துடு. ரூம் காலியாத்தான் கிடக்கு."

அந்த ரூம் எனக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஏசியின் முதுகு.

ஊசி என்று வந்தால் வந்துவிடுகிறேன் என்றேன். வாய் தவறிச் சொன்னதில்லை. வராது என்ற திமிரில் சொன்னது. நிருபராக, மிளகு விலை பற்றி எழுத இந்த மலைக்கு ஏறி வந்தவள்; செய்தி அச்சாகி யாருக்கும் ஞாபகமில்லாமல் போயிற்று, நான் இறங்கவில்லை. இப்போதும் வாரத்துக்கு ஒரு செய்தியாவது அனுப்புகிறேன். ஒரு கிண்ணம் கேரட் என்னை இறக்கிவிடுமா, பார்க்கலாம்.

மார்ச் 10, செவ்வாய்

மூடுபனி, பத்து மணி வரை. பால்காரர் வரவில்லை.

பச்சைக் காய் நிலவரம்:
வெள்ளரி, உப்பு: இரண்டு துண்டு.
கேரட், எலுமிச்சை: மூன்று துண்டு, கோபத்தோடு.
முட்டைக்கோஸ், தயிர்: தயிர் மட்டும் தீர்ந்தது.
முள்ளங்கி: முடியாது. எழுதி வைக்கிறேன், முடியாது.

வேலை பார்த்த காலம் முழுக்க பஸ் நிலைய புரோட்டாவில் வளர்ந்த நாக்கு. அதற்கு இந்த வயதில் முயல் வேஷம்.

பிறகு ஞாபகம் வந்தது. சேலத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. கீரை போன்ற இலை, வெள்ளரி, மேலே வெள்ளையாக, கெட்டியாக, புளிப்பும் பூண்டுமாக ஏதோ ஒன்று. இரண்டாம் முறை போய் வாங்கிச் சாப்பிட்டேன். பரிமாறியவரைக் கேட்டதற்கு, "டிரெஸ்ஸிங்குங்க. பாட்டில்ல வருது."

டாக்டருக்குப் போன். "ஒரு ஸ்பூன் ஊத்திக்கலாம். சர்க்கரை கம்மியா இருக்கறதாப் பாத்து வாங்குங்க. ஒரு ஸ்பூன்னா ஒரு ஸ்பூன்தான்."

சோளக்காடு கடையில் இருப்பது ஒரே வகை, முட்டையில்லாத மயோனைஸ். பின்பக்கம் படித்தேன். எண்ணெய், தண்ணீர், மூன்றாவது சர்க்கரை. எது அதிகமோ அது முன்னால் வரும், அதுதான் விதி. திருப்பி வைத்தேன்.

கடைக்காரர்: "நல்லா இருக்குமுங்க. புள்ளைங்க வெறுமனே நக்குதுங்க."

அதனால்தான் திருப்பி வைத்தேன்.

மார்ச் 12, வியாழன்

நாமக்கல். சூப்பர் மார்க்கெட். டிரெஸ்ஸிங்குக்கு ஒரு தட்டின் கால் பாகம். கண்ணாடியை மாற்றிக்கொண்டு நின்றேன்.

1. தௌசண்ட் ஐலண்ட். இளஞ்சிவப்பு. சர்க்கரை இரண்டாம் இடம். இது டிரெஸ்ஸிங் இல்லை, பாயசம்.

2. "கொழுப்பு குறைவு" என்று முன்னால் பெரிய எழுத்து. பின்னால் சின்ன எழுத்தில் கொழுப்பை எடுத்த இடத்தில் சர்க்கரையும் மாவும். முன்பக்கம் ஒரு வாக்குறுதி, பின்பக்கம் ஒரு கணக்கு. இந்த வகை அறிக்கைகளைப் படித்துத்தான் சம்பளம் வாங்கினேன்.

3. தேனும் கடுகும் சேர்ந்தது. தேன் என்றால் சர்க்கரை இல்லையாம். போகட்டும்.

4. ராஞ்ச். மோர்ப்பொடி, பூண்டு, ஏதோ தழை. சர்க்கரை குறைவு.

5. சீசர். சீஸ், பூண்டு. சர்க்கரை ராஞ்சைவிட ஒரு கிராம் குறைவு.

ஒன்று நூறு கிராமுக்குக் கணக்குப் போடுகிறது, இன்னொன்று ஒரு ஸ்பூனுக்கு. எல்லாவற்றையும் நூறுக்கு மாற்றிப் பார்த்தேன். கடைப் பெண் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாம் முறை, "அம்மா, டேட் எல்லாம் கரெக்டாத்தாங்க இருக்கும்" என்றாள், கொஞ்சம் பயந்து.

"டேட் இல்லம்மா. சர்க்கரை."

"சர்க்கரை அடுத்த வரிசைங்க."

சீசரை எடுத்தேன். ஒரு கிராம் என்றாலும் கிராம். தவிர அது அமுக்கும் பிளாஸ்டிக் பாட்டில். எழுபது கொண்டை ஊசி வளைவு தாங்க வேண்டுமே. ராஞ்ச் கண்ணாடி.

மார்ச் 13, வெள்ளி

வெற்றி. கிண்ணம் காலி. முள்ளங்கி உட்பட.

"திறந்த பின் குளிரில் வைக்கவும்." என்னிடம் பிரிட்ஜ் இல்லை. வீட்டுக்காரி நல்லம்மா பக்கத்து வாசல். அவளிடம் பிரிட்ஜ் உண்டு. மிளகுக் கொடியும் பலாவும் வைத்திருக்கிறாள், கணவர் துரைசாமி லாரி ஓட்டுகிறார். உடனே பிரிட்ஜின் கதவுத் தட்டில் இடம் ஒதுக்கினாள்.

"என்னங்க்கா இது, சுண்ணாம்பாட்டம்?"

"மருந்து."

மார்ச் 15, ஞாயிறு

மாரியம்மனுக்குப் பூச்சாட்டு, திருவிழாவின் தொடக்கம். மேளம், வேப்பிலை, பூசாரி கையில் காப்பு. இனி காப்பு அவிழ்க்கும் வரை ஊரில் கறி, முட்டை கிடையாது. தாளிப்பும் கிடையாது: கடுகு வெடிக்கும் சத்தமும் நெடியும் அம்மனுக்கு ஆகாது. வெறும் வேகவைத்த குழம்பு. தெரு முழுக்கப் பத்தியச் சாப்பாடு.

தெருவிலேயே ருசியாகச் சாப்பிடுகிறவள் நான்தான். பச்சைக் காயை வைத்துக்கொண்டு! இளங்கோவுக்குச் சொல்ல வேண்டும்.

மார்ச் 16, திங்கள்

மதியம் சாப்பிட்டுக்கொண்டே பாட்டிலைத் திருப்பினேன். சும்மா, பழக்கம். சர்க்கரை வரிக்கு இரண்டு வரி மேலே: முட்டை மஞ்சள் கரு. முன்பக்கம் ஓரத்தில் பழுப்பு முக்கோணம், அசைவக் குறி, மிளகளவு. எண்ணைத் தேடிய கண்ணுக்கு முக்கோணம் படவில்லை.

இந்தப் பாட்டில் இவ்வளவு நேரம் நல்லம்மாவின் பிரிட்ஜில் இருந்தது, நாளைய அபிஷேகப் பாலுக்குப் பக்கத்தில்.

செய்தியை அமுக்கும் பழக்கம் எனக்கில்லை. எழுந்து போய்ச் சொன்னேன்.

நல்லம்மா பாலை எடுத்துக் கன்றுக்குட்டிக்கு ஊற்றினாள். பிரிட்ஜைக் காலி செய்து மஞ்சள் தண்ணீரில் துடைத்தாள். நானும் துடைத்தேன். பாட்டில் குப்பைக் குழிக்கு.

எதிர் வீட்டுப் பெண்ணுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. வாசலில் நின்று, எனக்குக் கேட்கிற மாதிரி: "பேப்பர்ல எழுதறவங்களுக்கெல்லாம் ஊட்டை உட்டா இப்பிடித்தான். காலி பண்ணச் சொல்லு."

நல்லம்மா துணியைப் பிழிந்துகொண்டே: "எம் பிரிட்ஜு. நான் கழுவிட்டேன். உங்கூட்டுப் பின்னால கருவாடு தொங்குதா இல்லியான்னு நான் வந்து பாத்தனா?"

கதவு சாத்தும் சத்தம். எதிர் வீட்டுக் கதவு.

ராத்திரி வெறும் கேரட். நாலு துண்டு. மிச்சத்தைக் கன்றுக்குட்டி தின்றது. அதற்கு இன்று நல்ல நாள்.

மார்ச் 17, செவ்வாய்

இளங்கோ: "பேசாம வந்துடும்மா. பாட்டிலுக்கெல்லாம் போராட்டமா?"

"பாட்டிலுக்கு இல்லடா."

அவன் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் அவ்வளவுதான். போதும்.

இன்று கிண்ணம் பாதி. ரத்தம் கொடுக்க ஒரு வாரம்.

மார்ச் 18, புதன்

துரைசாமி வாழைத்தார் லோடோடு நாமக்கல் போனார்; டிரெஸ்ஸிங் வாங்கி வரச் சொல்லியிருந்தேன். சூப்பர் மார்க்கெட்டில் நின்று போன் போட்டார். நான் இங்கே பலாமரத்தடியில்; சிக்னல் அங்குதான்.

"அக்கா, செவப்பா ஒண்ணு இருக்குதுங்."

"வேண்டாம். ராஞ்ச். ரா-ஞ்ச். கண்ணாடி பாட்டில்."

"இருக்குதுங். பொட்டு பச்சைங். வட்டம். மூணு தடவ பாத்துட்டேன்."

"சர்க்கரை எத்தனாவது?"

"இருங்... எண்ணெய், தண்ணி, மோருப்பொடி... எழுத்தா இது, எறும்பு ஊர்ந்தாப்புல... ஆறாவதுங்."

"முட்டை?"

"இல்லீங். அக்கா, ஒரு பொண்ணு என்னையவே பாக்குது. பாட்டிலை மோந்து பாத்தா திருடன்னு நெனப்பாங்களா?"

"மோந்து பாக்காதீங்க. சீல் இருக்கான்னு மட்டும் பாருங்க."

சாயங்காலம் லாரி வந்தது. பாட்டில் அவர் வேட்டித் துண்டில் சுற்றி, சீட்டில், பக்கத்தில் யாரையும் உட்கார விடாமல். ஒரு கீறல் இல்லை. ஒரு கிராமுக்காக நான் தள்ளிய அதே பாட்டில்.

நல்லம்மா பிரிட்ஜைத் திறக்கவில்லை. "இந்தத் தடவ முழுசாப் படிங்க்கா. ஒரெழுத்து உடாம."

படித்தேன். பூண்டு வரை தலையாட்டினாள். கடைசிக்கு முந்தியது கடுகுப் பொடி.

"கடுகா?"

"பொடி."

"தாளிச்சதுங்களா?"

"எழுதலை."

"அப்பப் பூசாரியக் கேக்கோணும்."

மார்ச் 19, வியாழன்

தூறல். நல்லம்மாவோடு கோயிலுக்குப் போனேன்; பூசாரி வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார். பாட்டிலை நீட்டினேன். வாங்கவில்லை, தூர இருந்தே பார்த்தார்.

"எண்ணெயில போட்டு வெடிச்சாத்தானுங்க தாளிப்பு. இது வெடிக்குமுங்களா?"

"வெடிச்சா கம்பெனி மேல கேஸ் போடலாம்."

சிரித்தார். "முட்டை?"

"இல்லைங்க. மூணு பேர் படிச்சாச்சு."

"அப்ப வெய்ங்க. ஆனா சாமி பால் வெக்கற தட்டுல வேண்டாம். கீழ் தட்டு." பிறகு, நல்லம்மா நகர்ந்ததும், மெதுவாக: "காப்பு அவுக்கட்டும். நானும் ஒரு சொட்டு பாக்கறனுங்க."

தீர்ப்பு: அனுமதி, கீழ் தட்டு.

கிண்ணம் காலி.

மார்ச் 21, சனி

பாட்டில் குறைகிறது. என் கணக்குக்கு மேல் குறைகிறது. நான் ஒரு ஸ்பூன்தான்; டாக்டர் பக்கத்தில் இருக்கிறார் என்றே நினைத்து ஊற்றுகிறேன்.

புலனாய்வு தேவைப்படவில்லை. பின்வாசலில் நல்லம்மா, தட்டில் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு, நடுவில் வெள்ளைக் குளம்.

"தாளிக்காத சாறு எறங்கலீங்க்கா. இதைத் தொட்டா கெழங்கு அல்வாவாட்டம் போவுது."

"சுண்ணாம்புன்ன?"

"சுண்ணாம்புதான். நல்ல சுண்ணாம்பு."

எதிர் வீட்டுப் பெண் இன்று ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்து, "பச்சப் பொட்டுதானே?" என்று மட்டும் கேட்டாள். கொடுத்தேன். ஒரு ஸ்பூன். ஒரு ஸ்பூன்னா ஒரு ஸ்பூன்தான்.

மார்ச் 23, திங்கள்

வெயில். மிளகு காய்கிறது, தெரு முழுக்க நெடி.

நாளை ரத்தம். இளங்கோ ரூமுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறானாம். போட்டோ அனுப்பினான். வெளிர் பச்சை. அன்புதான், அதில் சந்தேகமில்லை. பதில் எழுதினேன்: "நல்ல கலர். விருந்தாளி வந்தால் தங்கலாம்."

துரைசாமி நாளையும் நாமக்கல். இன்னொரு ராஞ்ச் வாங்கி வரச் சொன்னேன்.

"ரிசல்ட் வந்தப்புறம் வாங்கிக்கலாமுங்களே. நீங்க சேலம் போயிட்டா..."

"நாளைக்கே வாங்கிட்டு வாங்க."

மார்ச் 24, செவ்வாய்

முதல் பஸ்ஸில் காளப்பநாயக்கன்பட்டி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். பஸ் ஸ்டாப் பெஞ்சில் டப்பாவைத் திறந்தேன். வெள்ளரி, கேரட், முள்ளங்கி, மேலே ஒரு ஸ்பூன். பிறகு பருப்பு, கடைசியில் சோறு. சரியான வரிசை.

பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு: "ஏனுங்க, பச்சையாவே திங்கறீங்களே. வேண்டுதலுங்களா?"

"ஆமாங்க."

"எந்தச் சாமிக்குங்க?"

"மேல இருக்கறதுக்கு. கொல்லிமலையில."

கும்பிட்டுக்கொண்டார்.

லேபில் ரத்தம் எடுத்தார்கள். கரண்ட் இல்லை, மாதாந்திர நிறுத்தம். ஐந்து மணிக்கு மேல் போனில் சொல்வதாக லேப் பெண் சொன்னாள். முதலில் எனக்கு, பிறகுதான் மகனுக்கு என்று அவளிடம் எழுதியே கொடுத்துவிட்டு வந்தேன்.

மதிய பஸ். மேலே மறுபடி சால்வை.

துரைசாமி பாட்டிலைக் கொடுத்துவிட்டார். பச்சை வட்டம். சீல் உடையவில்லை. நவம்பர் வரை நன்றாக இருக்கும் என்று போட்டிருக்கிறது. கீழ் தட்டில், முன்வரிசையில் வைத்தேன்.

நல்லம்மா கடுகு புடைக்கிறாள். காப்பு நாளை காலை அவிழ்கிறது.

நிலுவை: ஒரே ஒரு எண். எதிர்பார்ப்பு: ஐந்து மணிக்கு மேல். மணி நாலே முக்கால். பலாமரத்தடிக்குப் போகிறேன்.