விரலுக்குக் காவல்

என்னங்க,

மேல் அண்ணத்தில் பிறவியிலேயே இருந்த பிளவை மூடிப் போட்ட தையல் பிரியாமல் இருக்க, நம் குட்டி வாய்க்குள் விரல் விடக் கூடாது என்றார் டாக்டர். முழங்கை மடங்காதபடி இரு கைக்கும் உறை மாட்டினோம். பொம்மைக்கும் மாட்டச் சொல்லி அழுதாள், மாட்டினேன். ஸ்பூனை ஒளித்துவைத்து, பாலைக் கோப்பையில் கொடுத்து, ஒவ்வொரு முறையும் வாய் சுத்தமாகத் தண்ணீர் குடிக்கவைத்தேன். தூங்கினாயா என்று மட்டும் கேட்காதீர்கள்.

இன்று டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். “ஓட்டை எதுவும் விழல. நல்லா ஆறிடுச்சும்மா, உறையைக் கழட்டிடலாம்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் போட்டோவைத் தொட்டு, “அப்பா” என்றாள். காற்றெல்லாம் மூக்கு வழியே போய், ‘ப’ வராமல் ‘ம’ ஆகி, இதுவரை உங்களையும் ‘அம்மா’ என்றுதானே கூப்பிட்டாள்?

பிறகு பால்காரரையும் “அப்பா” என்றாள். கப்பலை விட்டுச் சீக்கிரம் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இனி இந்த வீட்டின் ஒரே அம்மா