தண்ணீரிலிருந்து ஏறும் வெயில்

இருந்தவரை என்னைப் பேசவிடாமல் தானே பேசிக்கொண்டிருந்து, என் முறை வந்ததும் எழுந்து போய்விட்ட என் செல்லத் தம்பி சேகருக்கு,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாததற்குத் துக்கம்தான் காரணம் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. பாதி வேலையில் நிற்கும்போது அதைப் பற்றிப் பேச எனக்கு வராது. இப்போது ஒரு வேலை முடிந்திருக்கிறது. முடிந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

உன் படகைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

உன் காரியங்கள் எல்லாம் ஆன பிறகு ஒரு நாள், நிதாய் என்று ஒருவர் லேக் கார்டன்ஸ் வீட்டு வாசலில் வந்து நின்றார். கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில், மீன் வளர்க்கும் பெரிய ஏரிகளில் ஒன்றுக்குக் காவலாளாம். "சேகர்-தா ஒரு போட்டு வாங்கி எங்க கரையில கட்டிட்டுப் போனாரு. மூணு மாசமா கொக்குதான் உக்காந்திருக்கு. என்ன செய்யட்டும் காகு?" என்று என்னைச் சித்தப்பா முறை வைத்து வங்காளத்தில் கேட்டார். கோமதியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கீழ்வீட்டில் அவள், மாடியில் நான். எங்கள் இருவரிடமும் சொல்லாமல் எப்படி ஒரு படகை வாங்கினாய்? ஏன் சொல்லவில்லை? நான் நூறு கேள்வி கேட்பேன் என்றா?

போய்ப் பார்த்தேன். நீளமான இரண்டு உருளை மிதவைகள், அவற்றின் மேல் பலகைத் தளம், சுற்றிலும் கம்பி. மூடிப்போன ஏதோ ஒரு பூங்காவிலிருந்து வாங்கிய பாண்டூன் படகு. மேலே ஒன்றுமில்லை, மொட்டை. இருக்கைக்கு அடியில் இருந்த கருவிப் பெட்டியில் ஒரு கல்யாணப் பத்திரிகை உறை கிடந்தது. அதன் பின்பக்கம் நீ வரைந்திருந்த படத்தை ஓவியம் என்று சொல்ல என் தொழில் தர்மம் இடம் தரவில்லை. ஒரு வளைவு, அதிலிருந்து முன்னால் நீளும் ஒரு கூரை, அடியில் ஒரு நாற்காலி. அளவு ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் "கோமதி, பகல் 12 மணி" என்று மட்டும் எழுதியிருந்தாய்.

இதை வேறு சிலரும் படிக்கக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன். என் தம்பி மனைவி கோமதிக்கு லூபஸ். பதினெட்டு வருடமாக அவள் உடம்பில் வெயில் படக்கூடாது. பட்டால் முகம் சிவந்து, மூட்டுகள் வீங்கி, மாதக்கணக்கில் படுக்கை. அவள் பகலில் வெளியே போவது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான், அதுவும் குடை, கையுறை, கறுப்புக் கண்ணாடியோடு. துறைமுக லாஞ்சுகளில் வேலை பார்த்து, பகலெல்லாம் ஆற்றில் கிடந்து வீடு திரும்பியவன் நீ. அவளுக்குத் தெரிந்த ஆறு சாயங்கால ஆறு மட்டும்.

ஆக, உன் உறையில் இருந்தது படமல்ல, ஒரு வாக்கு. அதற்கு வரைபடம் போட வேண்டியது நான். நானோ முப்பத்து நான்கு வருடம் துறைமுக டிராயிங் ஆபீசில் மிதவைகளையும் படகுகளையும் வரைந்துவிட்டு, அவற்றில் ஒன்றில்கூடக் கால் வைக்காமல் ஓய்வு பெற்றவன். தண்ணீர் என்றால் எனக்கு என்ன ஆகும் என்று நீ ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறாய்.

இருந்தாலும் உட்கார்ந்தேன். வளைவு எத்தனை உயரம் இருக்க வேண்டும்? உயரமானால் காற்று கூரையைப் பாய் போலப் பிடித்துத் தள்ளும். தாழ்ந்தால் தலை இடிக்கும். குழாய் கனமானால் படகு மேல்பாரத்தில் ஆடும். சித்திரை மாதப் புயல்காற்று சொல்லிக்கொண்டா வருகிறது? துணியை ஒரே இழுப்பில் கழற்ற வேண்டும். மார்கழிச் சூரியன் நடுப்பகலிலும் தெற்கே சாய்ந்து நிற்கும். அதற்குக் கூரை எவ்வளவு நீள வேண்டும்? ஒவ்வொரு மணிக்கும் சூரியன் நிற்கும் இடத்தைக் குறித்து, கோடு இழுத்து, நிழல் நாற்காலியைத் தாண்டி எங்கே விழுகிறது என்று பார்த்தேன். மொத்தம் ஒன்பது தாள்.

அவற்றை எடுத்துக்கொண்டு கிடர்பூரில் குழாய் வளைக்கும் இத்ரிஸ் பாயிடம் போனேன். உன்னைத் தெரியுமாம். யாருக்குத்தான் உன்னைத் தெரியாது? தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், பாதி ருசி போய்விடும்: "பாபு, இந்தக் காகிதத்துக்குக் கப்பலே கட்டிடலாம். உங்க தம்பி வந்திருந்தா கையை இப்படி வளைச்சுக் காட்டிட்டு டீ குடிக்கப் போயிருப்பாரு."

"அப்படிச் செஞ்சா தப்பாப் போயிடாதா?" என்று கேட்டேன்.

"போகும். மறுபடி வளைப்போம். நீங்க தப்பே பண்ணாம எப்படி இத்தனை வயசு வந்தீங்க?"

அவர் என் மூன்றாம் தாளைப் பார்த்து, பட்டறைத் தரையில் சாக்கட்டியால் வளைவை முழு அளவில் வரைந்தார். பிறகு, "படுங்க" என்றார். உள்ளே ஆள் படுத்துப் பார்த்தால்தான் உயரம் சரியா என்று தெரியுமாம். சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து வைத்துவிட்டுப் படுத்தேன், சேகர். எழுபத்தாறு வயதில், கிடர்பூர் பட்டறைத் தரையில், சாக்கட்டிக் கோட்டு வளைவுக்குள். வெளியே லாரிகளின் சத்தம் எங்கோ தூரத்து அலை மாதிரி வந்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் ஓட்டைகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வெளிச்சக் கம்பி இறங்கி, தூசிக்குள் மெதுவாகச் சுழன்றது. தரை அசைவது போல இருந்தது. பயமாக இல்லை. எவ்வளவு நேரம் கிடந்தேனோ, "பாபு தூங்கிட்டாரு, நாலு அங்குலம் குறைச்சுக்கலாம்" என்று இத்ரிஸ் பாய் யாரிடமோ சொல்வது கேட்டது.

தை மாதம் வளைவு ஏறிவிட்டது. மேலே வெள்ளைத் துணி. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும், குளிர்ச்சியாக இருக்கும் என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஆனால் கோமதியை நேராகக் கொண்டுபோய் உட்கார வைக்க எனக்குத் துணிவில்லை. முதலில் சோதித்துப் பார்க்க வேண்டாமா?

அம்மோனியா பிரிண்ட் தாள் நினைவிருக்கிறதா? மஞ்சளாக இருக்குமே, வெயில் பட்ட இடம் வெளுத்துவிடுமே, அது. அலிப்பூர் கோர்ட்டுப் பக்கம் வீட்டு வரைபடங்களுக்கு நகல் எடுத்துத்தரும் பழைய கடையில் கறுப்பு உறைக்குள் ஒரு சுருள் மிஞ்சியிருந்தது. அதைத் துண்டு துண்டாக வெட்டினேன். ஒரு துண்டைக் கோமதி பகலில் வழக்கமாக உட்காரும் நாற்காலியில், திரை போட்ட அவள் அறையில் வைத்தேன். மற்றவற்றைப் படகு நாற்காலியில் அவள் நெற்றி, கழுத்து, மணிக்கட்டு வரும் உயரங்களில் கிளிப்பால் மாட்டினேன். ஒரு மணி நேரம். படகுத் தாள் அறைத் தாள் அளவுக்கு மஞ்சளாகவே இருந்தால் அவள் வரலாம். இதுதான் என் கணக்கு.

படகை நிதாய் தள்ளிக்கொண்டு போனார். நான் கைக்கடிகாரத்தோடு கரையில் நின்றேன். "காகு, எல்லாரும் இங்கே வலை காயப்போடுவாங்க. நீங்க காகிதம் காயப்போடறீங்க" என்று ஏரியின் நடுவிலிருந்து கத்தினார்.

ஒரு மணி கழித்துப் பார்த்தேன். நெற்றித் தாள் மஞ்சள்தான். கழுத்தில், தாடைக்கு அடியில், கீழ்நோக்கி மாட்டியிருந்த தாள் வெளுத்துப்போயிருந்தது.

கீழ்நோக்கி இருந்தது எப்படி வெளுக்கும்? கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். பிறகுதான் கூரையின் உட்புறத்தைப் பார்த்தேன். வெள்ளைத் துணி முழுவதும் வெளிச்ச வளையங்கள் நெளிந்துகொண்டிருந்தன. தண்ணீர் அனுப்பிய வெயில் அது. பக்கவாட்டில் கீழிருந்து ஏறி, நாற்காலியில் தாடை உயரத்தைத் தொட்டு, கூரையின் வெள்ளையிலும் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது என்பதுதான் கொடுமை. ஒன்பது தாளிலும் நான் சூரியனை மேலேதான் வரைந்திருந்தேன். தண்ணீருக்கு ஒரு கோடு போட்டதோடு சரி.

உன் தாடைக்கு அடியில் எப்போதும் கறுத்துக் கிடக்குமே, சேகர். முப்பது வருடம் அதை எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு நாளாவது ஏன் என்று கேட்டேனா? உனக்கு இது தெரிந்திருக்கும். அந்த உறையில் இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தால் என்ன?

வீட்டுக்கு வந்து அறைத் தாளையும் கழுத்துத் தாளையும் கோமதி முன்னால் வைத்தேன். "விடுங்க பெரியத்தான். படகை நிதாய்க்கே குடுத்துருவோம், மீன் கூடையாவது ஏத்தட்டும். எனக்கு இந்த ஜன்னல் போதும்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் நான் மாடிக்குப் போய்ப் படுத்திருப்பேன். அவள் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினாளே, அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"இன்னும் ரெண்டு வாரம் குடும்மா" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

உட்புறத்துக்குக் கருநீலத் துணி தைக்கச் சொன்னேன். கூரையின் மூன்று பக்கமும் நாற்காலிக் கை உயரத்துக்கு அதே துணியில் தொங்கல். பார்ப்பதற்கு ஒரு பக்கம் மட்டும் திறப்பு. தளத்தில் கறுப்புப் பாய். நாற்காலியை ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தினேன். மறுபடி தாள்கள், மறுபடி நிதாயின் கேலி. இந்த முறை எல்லாத் தாள்களும் அறைத் தாளைப் போலவே மஞ்சளாக வந்தன, ஒன்றைத் தவிர. இடது மணிக்கட்டு. பாதி நேரத்தில் காற்று படகைத் திருப்பிவிட்டது. திறந்த பக்கம் வெயிலைப் பார்த்துவிட்டது. நங்கூரம் போட்டு நிறுத்தினாலும் சூரியன் நகருமே? எந்தக் கூரை போட்டாலும், திறப்பு எப்போதும் வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கும்படி யாராவது படகைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

நிதாய்க்கு அந்த நேரம் வலை வேலை. அவரைக் கெஞ்சிப் பார்க்கலாம் என்றேன். கோமதி சிரித்தாள். உனக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"பெரியத்தான், சூரியன் எங்கே இருக்குன்னு நிமிஷக் கணக்கா எழுதி வெச்சிருக்கறது யாரு? நீங்க கரையில நின்னா நான் வரல."

போன ஞாயிற்றுக்கிழமை போனோம். வண்டியிலிருந்து கரை வரைக்கும் குடை. அவள் முழுக்கைச் சட்டையும் கையுறையுமாக ஏறி உட்கார்ந்தாள். நான் பலகையில் ஒரு காலை வைத்துவிட்டு மற்ற காலைத் தரையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். நிதாய் கரையிலிருந்து சொன்னார்: "காகு, தண்ணி இடுப்பளவுதான். விழுந்தா எழுந்து நில்லுங்க, அது போதும்." ஏறிவிட்டேன். மூங்கில் கழியை அடிமண்ணில் ஊன்றித் தள்ளினேன். படகு கரையை விட்டு நகர்ந்தது.

நடு ஏரி. சத்தமே இல்லை. தூரத்தில் நகரத்தின் உயரமான கட்டடங்கள் வெயிலில் கரைந்து, இருக்கின்றனவா இல்லையா என்பது போல நின்றன. கொக்குகள் வரிசையாக எழுந்து, யோசித்து, மறுபடி அதே வரப்பில் இறங்கின. பன்னிரண்டு மணிக்குக் கோமதி முதலில் கையுறையைக் கழற்றினாள். பிறகு கண்ணாடியை. நான் கழியைப் பிடித்தபடி அவள் முகத்தைப் பார்க்காமல் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது என் வேலை என்பதால்.

"பெரியத்தான்" என்றாள் வெகுநேரம் கழித்து. "மத்தியானத்துல தண்ணி இந்தக் கலரா?"

கொஞ்ச நேரத்தில் அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. தூங்கிவிட்டாள். பகலில், வெட்டவெளியில், தண்ணீரின் மேல். எழுப்ப மனமில்லை. ஒரு மணி நேரம் என்று சொல்லிப் போனவர்கள் இரண்டரை மணி நேரம் இருந்தோம். சூரியன் மேற்கே நகர நகர, நான் கழியை ஊன்றிப் படகை ஒரு சாண், இரண்டு சாண் என்று திருப்பிக்கொண்டே இருந்தேன். அவள் மேல் ஒரு பொட்டு வெயில் விழவில்லை. இதுவரை கன்னம் சிவக்கவில்லை, மூட்டு வீங்கவில்லை. தினமும் காலையில் கேட்கிறேன்.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன், தம்பி. என் கையால் கழியைத் தூக்க முடிகிற வரை, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பன்னிரண்டு மணிக்கு அவள் ஏரியின் நடுவில் இருப்பாள். நீ பேசிக்கொண்டே ஓட்டியிருப்பாய். நான் ஒன்றும் பேசமாட்டேன், திருப்பிக்கொண்டு மட்டும் இருப்பேன்.

முன்னால் பிறந்தும் உன் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும்,
உன் அண்ணன் வரதன்
லேக் கார்டன்ஸ், கொல்கத்தா