கருவாடு இல்லாத பார்சல்

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

நீங்கள் வரும்போது அறுக்கலாமென்று வளர்த்த கோழிகள் எல்லாம் செத்துவிட்டன. சீக்கிரம் சதை பிடிக்கட்டும் என்று பட்டினச்சேரிக் கருவாட்டுத் தூளைத் தீவனத்தில் அள்ளி அள்ளிக் கலந்தது நான்தான்.

கால்நடை டாக்டர் ஒன்றைக் கீறிக் காட்டினார். ஈரலிலும் இதயத்திலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை.

"யூரிக் ஆசிட்மா. உப்பு ஜாஸ்தியாகி கிட்னி கெட்டுட்டா, வெளியேறாம இப்படிப் படிஞ்சிரும். கடைசி வரைக்கும் இரை எடுக்கும், பாத்தா ஒண்ணும் தெரியாது" என்றார்.

எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது.

போன வாரம் சவூதியிலிருந்து விடுமுறையில் வந்த உங்கள் அறைத் தோழர் நசீம், "அவரு நல்லா இருக்காரு லாத்தா, உப்புதான் சேத்துக்கிறதில்ல" என்றார். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்க்கவேயில்லை. வீடியோவில் நீங்களும் இப்போதெல்லாம் கழுத்துக்குக் கீழே காட்டுவதில்லை.

நசீமிடம் கொடுத்தனுப்பும் பார்சலில் இந்தத் தடவை கருவாடு வைக்கவில்லை. ஊறுகாயும் இல்லை. ஏன் என்று போனில் கேட்காதீர்கள், மகள் பக்கத்தில் இருப்பாள்.

கோழி இல்லாவிட்டால் என்ன, கஞ்சி காய்ச்சித் தருகிறேன். உப்பில்லாமல் குடிக்க நானும் பழகிக்கொண்டிருக்கிறேன். வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் உம்மா