ரம்புத்தான் மரத்தில் தொங்கிய குடல்

ஆகஸ்ட் 4, திங்கள்

கல்யாணத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. கெபுலிச் சோற்றுக்கு எத்தனை ஆடு என்று கேட்டால் அப்பா பேயைப் பற்றிப் பேசுகிறார்.

பகஸ்மேல்தான் தப்பு. என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். நேற்று எங்களை அவன் வேலை செய்த 'தோட்டத்து மணமகள்' படத்துக்கு அழைத்துப் போனான். அப்பா வாலிபத்தில் பார்த்த பேய்ப் படம், இப்போது புதிதாக எடுத்திருக்கிறார்கள். ரம்புத்தான் மரத்தில் பழக்கொத்தோடு பண்ணையாரின் குடலும் தொங்குகிறது. "அது நான் செஞ்சது பாபே" என்று, இப்போதே அப்பா முறை சொல்லி, அவருக்குக் கை நீட்டிக் காட்டினான், மடையன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது. "பழைய படத்துல ஒரு சொட்டு ரத்தம் உண்டா? அவ திரும்பிப் பாப்பா, அவ்வளவுதான். ஒரு மாசம் தனியா குளிக்கப் போகல நாங்க. இது என்னப்பா, கறிக்கடை."

"பழசுலயும் ரத்தம் இருக்கு பாபே. இதவிட ஜாஸ்தி."

"எனக்கே சொல்றியா?"

ஆகஸ்ட் 7

அம்மா ரோஜா சர்பத் கொடுத்தாள். அப்பா முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டார். சர்பத்தில்தான் சினிமா ரத்தம் காய்ச்சுவது என்று அவரிடம் சொன்னது யார்? பகஸேதான்.

ஆகஸ்ட் 12

என் கருத்தை யாரும் கேட்கவில்லை, இங்கே எழுதுகிறேன். புதுப் படத்தில் வருகிறவன் போகிறவன் எல்லாரும் வெட்டுப்படுகிறார்கள். யார் செத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. அந்த மணமகளுக்குப் பேச ஒரு வரி இல்லை. குடல் மட்டும் நன்றாக இருக்கிறது.

பகஸிடம் சொன்னேன். கடைசி வாக்கியம் மட்டும் அவன் காதில் விழுந்தது.

ஆகஸ்ட் 15

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மைதானத்தில் திரை கட்டிப் படம் போடுகிறோம், எல்லார் வீட்டிலும் போல. ஒரு காதல் படம் போடக் கூடாதா? அப்பாவுக்குப் பழைய 'மணமகள்'தான் வேண்டுமாம்.

"ஒரு சொட்டு ரத்தம் வந்தா ஊர் முன்னால தோத்தேன்னு சொல்றேன். வரலேன்னா அவன் அந்த வேலைய விடணும். மாட்டேன்னா, நிக்காஹ்ல அவன் கையப் பிடிக்க மாட்டேன்."

பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை கையைப் பிடித்து வார்த்தை சொல்லாமல் நிக்காஹ் ஏது? — விளையாடுறாரா, நெசமாவே சொல்றாரா? ஒரு பேய்ப் படத்துக்காக நான் இப்படியே கிடக்கணுமா?

ஆகஸ்ட் 18

பகஸ் சந்தோஷமாக இருக்கிறான். ஜெயித்துவிடுவானாம். ஊர் முன்னால் தோற்ற மனுஷர் மறுநாள் உனக்குக் கை நீட்டுவாரா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு, காலை

மருதாணிக் கையோடு எழுதுகிறேன்.

நேற்று படம் பாதிகூட ஆகவில்லை, அரிவாள் இறங்கியது. திரை முழுக்கச் சிவப்பு. பிள்ளைகள் அலறின, பெரியவர்கள் விசில் அடித்தார்கள். புதுப் படம் இதனிடம் பிச்சை வாங்க வேண்டும். நான் அப்பாவைப் பார்த்தேன். கைலியைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டே, "அப்பவும் இப்படித்தான். எந்தப் படத்த இவர் பாத்தார்?" என்றாள்.

பார்க்காத படத்துக்காகவா இத்தனை நாள் என் உயிரை எடுத்தார்?

கைலிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. தடவித் தடவி பகஸின் கையைப் பிடித்துக்கொண்டது.

"தம்பி, ரத்தம் வருதா?"

பகஸ் திரையைப் பார்த்தான். அங்கே பண்ணையாரின் தலை உருண்டுகொண்டிருந்தது.

"ஒரு சொட்டுகூட இல்ல பாபே."

"நாந்தான் சொன்னேனே." கையை மட்டும் அவர் விடவில்லை.

பந்தயப்படி பகஸின் வேலை போச்சு. எனக்கு அழுகை வந்தது.

ஆகஸ்ட் 25

நேற்று நிக்காஹ் பதிவு செய்ய வந்த அதிகாரி, மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்டார். பகஸ் தரையைப் பார்த்தான். அப்பா முந்திக்கொண்டார்.

"சினிமாவுல ரத்தம் காய்ச்சுறான். குடலும் செய்வான். பழைய படமே இவன்கிட்ட தோத்துடுச்சு. எழுதிக்கங்க."

ஊரே கேட்டது. பிறகு கையை நீட்டினார்.