மஸ்தான் பாய் கடைப் படம்

மலையை உயர்த்தி அதன்மேல் பனியைப் போர்த்திய ஆண்டவரே, என் கை நடுங்கினாலும் எழுதுவது நேராக இருக்க அருள்க. ஆமென்.

மார்ச்சு 2, திங்கள். தவக்காலம் இரண்டாம் வாரம்

விடியலிலிருந்து மூடுபனி. எதிரே உள்ள தேயிலைச் சரிவு நெடுநேரம் புலப்படவில்லை. முழங்கால் வலி. நண்பகல் வரை ஒருசந்தி நோன்பு. பனியைப் பற்றி ஒரு வெண்பா தொடங்கினேன். மூன்றாம் அடியில் தளை தட்டியது. விட்டுவிட்டேன்.

செலினின் கட்டளை தொடர்கிறது. கோலாலம்பூரில் இருந்தபடியே என் மகள் இட்ட சட்டம்: நான் உண்பதைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்ப வேண்டும். அவள் தாய் மறைந்தபின் வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, கடைகளில்தான் உண்கிறேன் என்பதால் இந்தக் காவல். இப்போது சட்டத்தில் ஒரு திருத்தம். தட்டு மட்டும் போதாதாம். கடை, தெரு, ஆட்கள் எல்லாம் வேண்டுமாம். "அப்பாவின் மலை" என்று தன் இணையப் பக்கத்தில் போடுகிறாள். மலையை விட்டுக் கீழே போனவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள் என்கிறாள். இங்கே இருப்பவர்களும் பார்க்கிறார்கள். வாசலில் நின்றால் தெரியும் தெருவைக் கைப்பேசியில் பார்ப்பதில் என்ன இன்பமோ.

இன்று எடுத்தவை:

தானா ராத்தா பேருந்து நிலையம். பேருந்து இல்லை. காத்திருப்போர் மட்டும்.

ரொட்டி சானாய் மாவை வீசும் கை. அசைந்துவிட்டது. பேய் போல் விழுந்திருக்கிறது.

பிரிஞ்சாங் நடைபாதையில் நின்றபடியே பொட்டலச் சோறு உண்ணும் வேற்றுநாட்டுத் தொழிலாளர் இருவர். ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கேட்காமல் எடுத்ததற்கு வெட்கம். அழித்துவிட்டேன்.

ஸ்ட்ராபெரி வடிவத் தொப்பி அணிந்த ஒரு குடும்பம், ஸ்ட்ராபெரி வடிவ நாற்காலியில், ஸ்ட்ராபெரிக்காகக் காத்திருக்கிறது. எந்தப் புலவரிடமும் இதற்கு உவமை கிடைக்காது.

மாலை, மஸ்தான் பாய் கடை. ரமலான் ஆதலால் பகலில் கதவு பாதி இறக்கியிருக்கும். பின்கட்டில் மட்டும் அடுப்பு. நோன்புக் கஞ்சி, முர்தபா ரொட்டி எல்லாம் அங்கேதான் தயாராகும். நோன்பிருக்கும் அவர் எதையும் நாவில் வைக்க மாட்டார். ஆகவே உப்புப் பார்ப்பது ஆண்டுதோறும் என் பணி. இவ்வாண்டு அவருடைய நோன்பும் என் தவக்காலமும் சேர்ந்தே வந்துவிட்டன. நான் இறைச்சி தொடுவதில்லை. அதனால் இறைச்சி சேராமல் எனக்கென ஒரு சிறு பானை. அதில் நான் சொல்வதை வைத்துப் பெரிய பானைக்கு அவரே கணக்குப் போட்டுக்கொள்கிறார்.

கொஞ்சம் குறைவு என்றேன்.

"ஒங்க நாக்கு போயிருச்சு லா கிராணி" என்றார். பிறகு உப்பை அள்ளிப் போட்டார். தோட்ட அலுவலக எழுத்தர் வேலையை விட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் அவருக்கு நான் கிராணிதான்.

முன்னதாக நான் உள்ளே நுழைந்தபோது சன்னல் வழியே வெளிச்சம். அடுப்பின் ஆவி. அவருடைய வெள்ளைத் தொப்பி. நின்று எடுத்தேன். உடனே செலினுக்கு அனுப்பினேன். இன்று தேறிய படம் அது ஒன்றுதான்.

மார்ச்சு 3, செவ்வாய்

மழை. குடையின் கம்பி முறிந்தது.

செலினின் பக்கத்தில் அந்தப் படம். ஆவிக்குப் பின்னால் மஸ்தான் பாய் அரிசி மூட்டைமேல் அமர்ந்திருக்கிறார். கையில் பாதி குடித்த தேநீர்க் கிளாஸ். எடுக்கும்போது அந்தக் கிளாஸ் என் கண்ணில் படவே இல்லை. ஊராருக்குப் பட்டிருக்கிறது. எவரோ கிளாஸைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார். கீழே, "பாய்க்கு நோன்பா, தே தாரிக்கா லா?" அதற்கும் கீழே சிரிக்கும் முகங்கள். அவர் கஞ்சியைப் பள்ளிவாசலுக்கும் அனுப்புகிறாரே என்று ஒருவர். அறிவுரையாக நீண்ட பத்தி ஒருவர். அறிவுரை சொன்னவரை எனக்குத் தெரியும். அவர் எதற்கும் நோன்பிருந்ததில்லை.

செலினை அழைத்துச் சினந்தேன். நீங்கள் அனுப்பியதைத்தானே போட்டேன் என்றாள். எடுத்துவிட்டாள். அதற்குள் படம் எங்கெங்கோ போய்விட்டது.

நனைந்தபடியே கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். மஸ்தான் பாய் முதலில் சிரித்தார். பிறகு மெல்லச் சொன்னார். ஓராண்டாகச் சர்க்கரை நோய். கியா பார்மில் கீரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தானா ராத்தாவில் மருத்துவரைப் பார்த்து வருகிறார். ஒவ்வொரு நாளும் நோன்பு வைத்துத்தான் தொடங்குகிறார். கை நடுங்கிக் கண் இருண்டால் மட்டும் சீனி போட்ட தேநீர். நேற்று அப்படித்தான் ஆகியிருக்கிறது.

"அல்லாவுக்குத் தெரியும். இப்ப ஒங்களுக்குத் தெரியும். போதும் கிராணி."

என்ன அடக்கம் என்று எண்ணினேன். தம் குறையை இறைவனிடம் மட்டும் வைக்கும் பெரியோர் மரபு என்று எண்ணினேன். ஊர் பெருநாள் வரை பேசும், அப்புறம் வேறு ஆள் கிடைத்துவிடுவான் என்றார். எனக்குத்தான் ஆறவில்லை.

மார்ச்சு 4, புதன்

சாரல். பேருந்து வரவில்லை. நடந்தே போனேன்.

மளிகைக் கடையில் இதே பேச்சு. கடைக்காரர் நல்லவர். எங்கள் இருவருக்கும் வேண்டியவர். என்னைத் தனியே அழைத்தார்.

"நீங்கதான தெனமும் உப்பு பாக்கப் போறீங்க. அது ஒங்க கிளாஸ்னு ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா. முடிஞ்சிரும்."

நல்ல வழி. தலையை அசைத்திருந்தால் போதும். அசைக்கவில்லை. பொய்ச்சான்று சொல்லாதே என்பதைச் சிறுவயதில் மனப்பாடம் செய்தவன். கிளாஸ் என்னுடையது அன்று என்றேன். அவர் முகம் வாடியது. அருகிலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் வாய்மையால் நண்பர் பேர் இன்னும் கெட்டது.

அதைச் சரிசெய்வதாக நினைத்து வீட்டுக்கு வந்து செலினின் பக்கத்தில் எழுதினேன். மஸ்தான் பாய் சர்க்கரை நோயாளர். நோயாளருக்கு அவர் மறை விலக்கு அளித்திருக்கிறது. விலக்கு இருந்தும் நாள்தோறும் நோன்பு தொடங்கும் அவரைப் பழிப்பது பாவம். சந்திப்பிழை இல்லை என்று மும்முறை பார்த்த பிறகே அனுப்பினேன்.

சற்று நேரத்தில் பாராட்டுகள் குவிந்தன. வட்டம் போட்டவரே மன்னிப்புக் கேட்டார். கடமை முடிந்தது என்று செபமாலை சொன்னேன். நிறைவு. அந்த நிறைவை இப்போது நினைக்க எரிச்சலாக இருக்கிறது. (வியாழன் அன்று சேர்த்தது.)

மார்ச்சு 5, வியாழன்

பனி. மின்சாரம் போய்ப் போய் வந்தது.

மஸ்தான் பாயின் ஒரே மகன் அன்வர் ஈப்போவில் இருக்கிறார். தாய் போனதிலிருந்து கடையை மூடிவிட்டுக் கீழே வந்துவிடுங்கள் என்று தந்தையை அழைத்துக்கொண்டே இருப்பவர். அவரும் நான் எழுதியதைப் படித்துவிட்டார். விடியுமுன், சஹர் உணவுக்கும் முன்பே தந்தைக்கு அழைப்பு. ஊருக்கே தெரிந்த நோய் மகனுக்குத் தெரியக்கூடாதா என்று கேட்டாராம்.

மகனுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. "போதும்" என்று அவர் சொன்னது அடக்கம் அன்று. வேண்டுகோள். இத்தனை நூல் படித்தும் பக்கத்தில் இருந்தவர் பேச்சுக்குப் பொருள் விளங்கவில்லை.

கடையில் அடுப்பு எரிந்தது. சிறு பானை இல்லை. அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தார்.

"எம் மவனுக்குத் தெரியாம இருந்துச்சு. அது ஒண்ணுலதான் இந்தக் கட நின்னுச்சு."

நறுக்கியதைப் பெரிய பானையில் தள்ளினார். நான் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. வந்துவிட்டேன்.

மாலையில் செலின். மகிழ்ச்சியான குரல்.

"பாத்தீங்களாப்பா, அன்வர் அண்ணன் அத்தாவ கூட்டிட்டுப் போறாராம். நீங்களும் பேக் பண்ணுங்க."

கைப்பேசியை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். உள்ளேயிருந்து அதிர்ந்துகொண்டே இருந்தது.

மார்ச்சு 6, வெள்ளி

சிலுவைப்பாதை. ஒன்பதாம் தலத்தில் மனம் எங்கோ போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்த பிறகுதான் எழுந்தேன்.

மதியம் அன்வர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கடைக்குள் பெட்டிகள். பெரிய பானைகளை எவருக்கோ விற்கப் பேசி முடித்துவிட்டாராம். மஸ்தான் பாய் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்.

அன்வர் மிகுந்த மரியாதையோடு நாற்காலி போட்டார். எனக்குக் கோபப்படவும் வாய்ப்பளிக்கவில்லை.

"நீங்க எழுதலன்னா எங்க அத்தா அடுப்புப் பக்கத்துலயே விழுந்திருப்பாரு அங்கிள். ஒங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

இந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பெருநாள் வரையாவது அவரை விட்டுவைக்கக் கேட்டேன். பகல் முழுதும் நானே உடன் இருக்கிறேன், மாத்திரை வேளை பார்த்துக்கொள்கிறேன், மயக்கம் வந்தால் அழைக்கிறேன் என்றேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

அன்வர் ஒரு பெட்டியைக் கயிற்றால் கட்டி முடித்தார்.

"நீங்களே தனியாத்தான் இருக்கீங்க. ஒங்கள யாரு அங்கிள் பாக்குறது?"

நாற்காலியை விட்டு எழுந்தேன். அவர் தவறாகக் கேட்கவில்லை. அதுதான் கோபம்.

மார்ச்சு 7, சனி

மழை விட்டது. வெயில். வார இறுதி வண்டிகள் மலைப்பாதை முழுதும் ஏறி வருகின்றன. கீழே இறங்குவது ஒன்றிரண்டுதான்.

காலையிலேயே போய் நின்றேன். கடைக்கதவு முழுதும் இறக்கம். மஸ்தான் பாய் வண்டியின் முன்னிருக்கையில். மடியில் சிறு பை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்புவார் என்று ஆயத்தமாகவே போனேன். கண்ணாடியை இறக்கினார்.

"நீங்க எழுதுனதுல ஒரு சொல்லு பொய் இல்ல கிராணி. பொய்யா இருந்திருந்தா ஒங்கள நல்லா ஏசிட்டுப் போயிருப்பேன்."

கண்ணாடி ஏறியது. வண்டி, ஏறிவரும் வரிசையை ஒட்டி மெல்லப் போயிற்று. வளைவு வரை நின்றேன்.

பகலுணவுப் படம் எங்கே என்று செலின். உண்ணவில்லை என்று எழுதினேன். உண்மைதான். அனுப்பாமல் அழித்தேன்.

இந்த ஏட்டை என் காலத்துக்குப் பின் புரட்டுவோர்க்கு: உங்கள் வீட்டில் அடுப்பு எரிக, பிள்ளைகள் நலமாக வாழ்க, முதியோர் தாம் விரும்பிய வாசலிலேயே இருக்க. உங்கள்மேல் அன்பு கொண்டு உங்களுக்காகப் பேச வருவோர், பேசுமுன் உங்களை ஒரு சொல் கேட்க ஆண்டவர் அருள்க.