கீழ்க்கடை மாப்பிள்ளை

மார்ச் 2, ஞாயிறு

காலையிலிருந்து நல்ல கூட்டம். முகத்தில் களிமண் பூசிக்கொண்டு படுத்திருந்த டீச்சர் கண்ணைத் திறக்காமலே, "அக்கா, இதுல என்ன கலந்தீங்க? எலி நாத்தம் அடிக்குதே" என்றார். நான் கலந்தது பன்னீர். நாற்றம் கீழ்க்கடையிலிருந்து வருகிறது. பொங்கல்வரை செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று பிராணிகள் விற்கும் கடையாக அதை மாற்றிவிட்டார். கூண்டுகள் வந்திறங்கிய நாள் முதல் என் பார்லரின் மானம் போகிறது.

மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்து, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் சண்டைக்கு இறங்கினேன். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று படியிலேயே ஒத்திகை பார்த்தாயிற்று. உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது.

லவ் பேர்ட்ஸ் கூண்டின் தரை தெரியவில்லை, அவ்வளவு எச்சம். மீன் தொட்டியில் மீன் எங்கே என்று தேடவேண்டும். மூலையில் ஒரு முயல். வெள்ளை உடம்பு, காது மட்டும் சாம்பல் நிறம். முடி சடை பிடித்து, நகம் சுருண்டு, ஒரு கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கிறது. கம்பித் தரையில் கால் வலிக்கிறதுபோல, மாற்றி மாற்றி ஊன்றுகிறது. கடைக்காரரோ கூண்டுகளுக்கு எட்டாத தூரத்தில், வாசலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நீளக் கரண்டி ஒன்று.

"என்ன மேடம், எதுனா வேணுமா?"

"நாத்தம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். சண்டைக்குப் போய் ஒரே வார்த்தையோடு திரும்பியது என் வரலாற்றில் இதுதான் முதல் தடவை.

மார்ச் 3, திங்கள்

இவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக், எதைக் கேட்டாலும் முதலில் எங்கே பழுது என்று பார்க்கிற ஆள். "சண்டைக்குப் போனவ எதுக்கு மூக்கை உறிஞ்சிட்டு வந்திருக்க?" என்றார். அந்த முயலை வாங்கிக்கொண்டு வந்துவிடப்போகிறேன் என்றேன். "வாங்கு. ஆனா அதுக்கு ஃபேஷியல் பண்ணிடாதே."

வியாழக்கிழமை டாக்டரம்மா புருவம் திருத்த வருவார். கால்நடை டாக்டர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கலாம்.

மார்ச் 6, வியாழன்

கேட்டிருக்கவே கூடாது.

நூலை வாயில் கடித்துக்கொண்டே முழுக் கதையும் சொன்னேன். டாக்டரம்மா இமையை இழுத்துப் பிடித்தபடி, "வாங்காதீங்க" என்றார். வலியில் சொல்கிறாரோ என்று நினைத்தேன்.

"நீங்க இரக்கப்பட்டு வாங்கினாலும் அவருக்கு அது வியாபாரம்தான். சீக்கு முயலும் விலை போகுதுன்னு நாளைக்கே அதே கூண்டுல இன்னொண்ணை வைப்பார். அதையும் வாங்குவீங்களா?"

"அப்ப சாகட்டும்னு விட்டுடணுமா?"

"யாரு விடச் சொன்னா? எந்தப் பிராணிக்கு என்ன கோளாறுன்னு நல்லா பாருங்க. அவர்கிட்டயே நேரா சொல்லுங்க. வைத்தியத்துக்கு அவரே கொண்டுவரட்டும். கேக்கலைன்னா சொல்லுங்க, பிராணி நல அலுவலகத்துல நானே புகார் குடுக்கிறேன். ஆனா காசு மட்டும் குடுக்காதீங்க."

நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் எரிச்சல். அந்த எரிச்சலில் ஒரு இழுப்பு கூடிவிட்டது. டாக்டரம்மாவின் இடப்புருவம் கொஞ்சம் ஆச்சரியப்பட்ட மாதிரி இருக்கிறது. பென்சிலால் சமாளித்து அனுப்பினேன்.

மார்ச் 7, வெள்ளி

முயலின் தண்ணீர்க் கிண்ணம் காலி. சொன்னேன். "இதோ ஊத்திடறேன் மேடம்." சாயங்காலமும் காலி. நானே ஊற்றினேன். குடித்த வேகத்தைப் பார்த்து இன்னொரு கிண்ணமும் ஊற்றினேன்.

மார்ச் 8, சனி

முயலுக்குப் பெயர் வைத்துவிட்டேன்: மாப்பிள்ளை. அவ்வளவு பசியிலும் தீனியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பெண் வீட்டில் மரியாதை குறைந்துவிட்டது என்கிற முறுக்கு. என் தங்கை புருஷன் அச்சாக இப்படித்தான்.

மார்ச் 10, திங்கள்

பார்லருக்கு விடுமுறை. சீப்பு, நகவெட்டி, டார்ச், குழந்தைகளுக்கான ஷாம்பூ, துவாலை எல்லாம் எடுத்துக்கொண்டு கீழே போனேன். கடைசி நேரத்தில், ஷாம்பூ எவ்வளவு போடலாம் என்று கேட்க டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். மறுமுனையில் வந்த கத்தலில் லவ் பேர்ட்ஸ் எல்லாம் அடங்கிவிட்டன.

"முயலைக் குளிப்பாட்டுவாங்களா? அதிர்ச்சியிலயே போயிடும்! அந்த பாட்டிலை மூடுங்க முதல்ல!"

மூடினேன். இத்தனை வருடத் தொழிலில் தலைக்குத் தண்ணீரே காட்டக்கூடாத வாடிக்கையாளர் இவர் ஒருவர்தான். சீப்பும் நகவெட்டியும் போதும் என்றார். நகத்துக்குள் சிவப்பாக ஒரு ரத்தக்கோடு ஓடும், டார்ச் அடித்துப் பார்த்து அதற்கு முன்னாலேயே வெட்டுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்.

கூண்டைத் திறக்கச் சொன்னால், கடைக்காரர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுத் தெருவில் போய் நின்றுகொண்டார். என்ன திமிர்! நான் வேர்த்து விறுவிறுத்து நகம் வெட்டுகிறேன், அந்த மனிதர் கண்ணாடிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறார். நடுவில் கதவை லேசாகத் திறந்து, "கடிக்குதா மேடம்?" என்று வேறு விசாரிப்பு.

வாயைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மாப்பிள்ளைக்கு முறுக்கெல்லாம் இல்லை. முன்பல் இரண்டும் கோணலாக நீண்டு வளைந்திருக்கிறது, தின்ன முடியவில்லை. பசியோடு முகத்தைத் திருப்பியிருக்கிறது, நான் அதைக் கிண்டல் செய்திருக்கிறேன். டாக்டரிடம் கொண்டுபோங்கள் என்று கடைக்காரரிடம் உறுதியாகச் சொன்னேன். தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மார்ச் 12, புதன்

இன்று சிரித்த சிரிப்பில் விலா இன்னும் வலிக்கிறது. கோபமும் வந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

பதினொரு மணிபோலக் கீழே ஒரு அலறல். ஒரு பெண்ணுக்கு ஒரு பக்கத் தலைக்குச் சாயம் பூசி முடித்திருந்தேன். அவளும் நானும் அப்படியே ஓடினோம். கடைக்காரர் மேசைமேல் ஏறி நிற்கிறார். கையில் அந்த நீளக் கரண்டி. தரையில் ஒரு வெள்ளை எலி, என் கட்டைவிரல் அளவு இருக்கும், உட்கார்ந்து நிதானமாக முகம் கழுவிக்கொண்டிருக்கிறது. கூண்டுக் கதவை யார் திறந்தது என்று அதற்கே தெரியாது போல.

"புடிங்க மேடம்! புடிங்க!"

நான் பிடித்து உள்ளே விட்டேன். அதன் பிறகும் அவர் இறங்கவில்லை. "இதுக்கா இந்தக் கூப்பாடு?" என்றேன். மீசை வைத்த அந்த முகம் கோணிக்கொண்டு போனது.

"எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே பயம் மேடம். உசுரோட இருக்கிறது எதைத் தொட்டாலும் கை நடுங்கும். பல்லின்னாக்கூட."

"அப்புறம் எதுக்கய்யா இந்தக் கடை?"

"உறை வியாபாரம் படுத்திருச்சு. மச்சான்தான் சொன்னான், அது கூண்டுக்குள்ள இருக்கும், நீ வெளிய இருப்ப, உனக்கென்னன்னு."

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. தூரத்து நாற்காலி, கரண்டியால் போடும் தீனி, காலிக் கிண்ணம், தெருவில் நின்றது. திமிர் இல்லை, நடுக்கம். சாயத்தலைக்காரியும் நானும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவரும் மேசைமேல் நின்றபடியே கொஞ்சம் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் மூலைக் கூண்டு கண்ணில் பட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "பயம்னா பயந்துட்டுப் போங்க. உங்க பயத்துக்கு அது ஏன் பட்டினி கெடக்கணும்? வாய் இல்லாததை அடைச்சு வெச்சிட்டு, கிட்டப் போக பயம்னா என்ன அர்த்தம்? டாக்டர்கிட்ட கொண்டுபோகலைன்னா புகார் குடுத்துட்டுத்தான் மறுவேலை!" அவர் இறங்கி நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

ரொம்பப் பேசிவிட்டேனா? இல்லை. சரியாகத்தான் பேசினேன். பாவம்தான், ஆனாலும் சரியாகத்தான் பேசினேன்.

சாயத்தலைக்காரிக்கு ஒரு பக்கம் நேரம் கூடிப்போய் நிறம் வேறாகிவிட்டது. இதுதான் இப்போது புதுசு என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 13, வியாழன்

காலையில் அவரே படியேறி வந்தார். பார்லர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "மேடம், நேத்துலேர்ந்து அது ஒண்ணுமே சாப்பிடலை. அசையவும் மாட்டேங்குது" என்றார். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். முயல் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஆபத்து, உடனே கொண்டுவாங்க என்றார். இரண்டு பேரும் கீழே ஓடினோம்.

நானே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். கையை நீட்டியும்விட்டேன். அவர் பின்வாங்கினார் பாருங்கள், அதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். "உங்க கடை. நீங்கதான் தூக்கணும்." கல்நெஞ்சக்காரி மாதிரி சொன்னேனே தவிர, உள்ளுக்குள் ஒவ்வொரு நொடியும் துடித்தது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் தயங்கியிருந்தால் நானே பிடுங்கியிருப்பேன்.

பார்லரில் கிடந்த இவருடைய வேலைக் கையுறையை எடுத்துக்கொடுத்தேன். லிப்ட் கம்பி பிடிக்கிற தடித்த கையுறை. கண்ணை மூடிக்கொண்டு தூக்கினார். அட்டைப்பெட்டியில் வைத்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, வெடிகுண்டு கொண்டுபோகிறவர் மாதிரி நடந்தார். தெரு முழுக்க வேடிக்கை. நான் பின்னாலேயே ஏப்ரனோடு. "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவரே பதில் சொன்னார்: "அதுக்குப் பல்லு வலிங்க, வழி விடுங்க."

டாக்டரம்மா பல்லை வெட்டிச் சீராக்கி, ஊசி போட்டு, கால் புண்ணுக்கு மருந்து வைத்தார். பிறகு கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார். கம்பித் தரை கூடாது, பலகை போடுங்க. காய்ந்த புல் எந்நேரமும் இருக்கணும், இல்லைன்னா பல்லு இப்படித்தான் வளரும். கடை சுத்தமாகிறவரைக்கும் புதுசா ஒரு உயிரை உள்ளே கொண்டுவரக்கூடாது. அவர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். ஊசியில்லாத சிரிஞ்சில் கூழ் எடுத்து, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை வாயோரம் விடவேண்டுமாம், ராத்திரியும்கூட.

"யாரு குடுப்பீங்க?" என்றார் டாக்டரம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "என் வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

வயிறு இயங்கத் தொடங்கிப் புழுக்கை போட்டால் பிழைக்கும், இல்லையென்றால் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்.

மார்ச் 14, வெள்ளி

கீழ்க்கடை திறக்கவில்லை. பத்து மணிக்கும் திறக்கவில்லை. மாப்பிள்ளை போயிற்று, போயேவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். அந்த ஆளை நம்பி விட்டேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். நூல் இரண்டு தடவை அறுந்தது.

பதினொன்றரைக்குப் படியில் தடதடவென்று சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கண் இரண்டும் சிவந்து, சட்டையெல்லாம் பச்சைக் கூழ். உள்ளே களிமண் முகங்கள் வரிசையாகப் படுத்திருப்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

"புழுக்கை போட்டுடுச்சுக்கா!"

களிமண் முகங்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தன.

"காலையில ஒண்ணு. இப்ப வரும்போது நாலு! உருண்டையா, நல்லா, டாக்டரம்மா சொன்ன மாதிரியே!"

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஏன், எதற்கு என்று தெரியாமலே டீச்சர் கைதட்ட, அவர் முகத்துக் களிமண் பாளம் பாளமாக வெடித்தது. மேடம் போய் அக்கா வந்துவிட்டதை ராத்திரி சாப்பிடும்போதுதான் கவனித்தேன்.

மார்ச் 22, சனி

மாப்பிள்ளை கடைக்குத் திரும்பிவிட்டது. கம்பித் தரைமேல் பலகை. இவர் போய் அளவெடுத்து அடித்துக்கொடுத்தார். கையுறையைத் திருப்பிக் கேட்டால் கடைக்காரர் கொடுக்க மனமில்லாமல் விழிக்கிறாராம். லவ் பேர்ட்ஸுக்குத் தரை தெரிகிறது. மீனையும் பார்க்க முடிகிறது. புதுச்சரக்கு கொண்டுவந்த மச்சானை வாசலோடு திருப்பி அனுப்பினார். "டாக்டர் விடமாட்டாங்க, மேல இருக்கிற அக்கா என்னைக் கொன்னே போட்டுடுவாங்க" என்று சொன்னாராம். என்னைப்பற்றி இப்படியொரு பேச்சு தெருவில் உலவுவது தொழிலுக்கு நல்லதா கெட்டதா?

ஏப்ரல் 3, வியாழன்

டாக்டரம்மாவுக்கு இரண்டு புருவமும் இப்போது சமம். மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் மேலே வந்தாராம். பல் மட்டும் அவ்வப்போது சீர்செய்யவேண்டும், மற்றபடி கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது என்றார். மெதுவாகக் கேட்டேன். "இப்ப வாங்கலாமா?"

சிரித்தார். "இப்ப தாராளமா வாங்கலாம்."

ஏப்ரல் 12, சனி

இவர் பால்கனியில் மாப்பிள்ளைக்கு இரண்டடுக்கு வீடே கட்டிவிட்டார். நடுவில் சாய்வுப் பலகை. லிப்ட் வைக்கட்டுமா என்று கேட்கிற அளவுக்கு முற்றிவிட்டது.

ஏப்ரல் 14, திங்கள்

விடுமுறை நாள் பார்த்து, நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு கீழ்க்கடைக்குப் போனேன். பையில் பணம். கேட்ட விலையைக் கொடுத்துவிடுவது, பேரமே பேசக்கூடாது என்று முடிவு.

"மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்" என்றேன்.

அவர் "உக்காருங்கக்கா" என்றார். பிறகு ஆரம்பித்தார்.

"பகல்ல வீட்டுல யாரு இருப்பா?"

"நான் பார்லர்ல, அவர் வேலையில. சாயங்காலம் வந்துடுவோம்."

"அப்ப பகல் பூரா தனியா? முயல் தனியா இருந்தா ஏங்கிப்போயிடும்கா. சரி, பார்லருக்குக் கொண்டுவருவீங்களா?"

"கொண்டுவந்தா போச்சு."

"ஹேர் கலர், நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனையெல்லாம் அதுக்கு ஆகாது. மூச்சு சின்னது." தலையை ஆட்டிக்கொண்டார். "கால்ல புண்ணு திரும்ப வந்தா எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

எனக்கா கேள்வி! நகம் வெட்டியது யார்? தண்ணீர் ஊற்றியது யார்? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, பரீட்சை எழுதுகிற மாதிரி பதில் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "தப்பா நினைக்காதீங்கக்கா. உங்களுக்குத் தரமுடியாது. நீங்கன்னு இல்ல, இப்படிப் பகல்ல பூட்டின வீடுன்னா யாருக்கும் தரமாட்டேன்" என்றார்.

கோபத்தோடுதான் பூட்டிக்கிடந்த பார்லருக்குப் படியேறினேன். ஒருவரைத் திட்ட எத்தனை வார்த்தை உண்டோ அத்தனையும் வரிசைப்படுத்திக்கொண்டு ஏறினேன். வீட்டுக்குப் போன் போட்டு இவரிடம், "தரமாட்டேன்னுட்டாருங்க, எனக்கே தரமாட்டேன்னுட்டார்" என்று கத்தினேன். "ஏன்?" என்றார். காரணங்களைச் சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது. ஒன்றுகூடத் தப்பில்லை.

"கேள்வி கேக்கும்போது முயல் எங்க இருந்துச்சு?" என்றார் இவர். பழுது பார்க்கிறவர் புத்தி.

யோசித்தேன். அப்போதுதான் உறைத்தது. நான் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை மாப்பிள்ளை அவர் மடியில்தான் படுத்திருந்தது. வெறுங்கையால் அதன் காதை நீவிக்கொண்டேதான் அத்தனை கேள்வியும் கேட்டார். ஒரு சட்டைப் பொத்தானை அது கடித்துத் துப்பியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.